அழகர்மலையா, சதுரகிரியா?

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து, "காட்டுக்குள்ள இருக்கிற பழைய கோயில் ஒண்ணு பார்க்கணும், அன்னைக்கே திரும்பிடணும்" என்றால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். அம்மா அழகர்மலை. சித்தப்பா சதுரகிரி. இரண்டுக்கும் போய் வந்தவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வரும்.

தூரத்தில் அழகருக்குப் போட்டியே இல்லை. மதுரையிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம், டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். சதுரகிரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, வத்திராயிருப்பு போய், அங்கிருந்து தாணிப்பாறை அடிவாரம் போக வேண்டும். விடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும், ஏனென்றால் காலையில் குறிப்பிட்ட நேரம் வரைதான் மலையேற விடுவார்கள். இரவு தங்கவும் அனுமதி இல்லை.

அழகர்கோவிலில் நான் முதலில் போய் நிற்பது பெருமாள் சன்னதியில் அல்ல, பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலில். அங்கே சிலை கிடையாது. சாத்திய பெரிய கதவுதான் சாமி. கதவு முழுக்கச் சந்தனம், மாலை, பக்கத்தில் நேர்த்திக்கடனாக வந்த அரிவாள்கள். கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் "கருப்பன் வாசல்ல வந்து சத்தியம் பண்ணு" என்று இன்றும் கூப்பிடுகிறார்கள். பொய் சொல்ல வந்தவன் வாசலோடு திரும்பிய கதை ஊருக்கு ஒன்று இருக்கும்.

அப்புறம் மலைப்பாதை. வேன் இருக்கிறது, ஆனால் முட்டி ஒத்துழைத்தால் நடந்து போங்கள். வேனில் போனால் மரத்தைப் பார்ப்பீர்கள், காட்டைப் பார்க்க மாட்டீர்கள். வழியில் ஆறாவது படைவீடான பழமுதிர்சோலை. அதற்கும் மேலே ராக்காயி அம்மனும் நூபுர கங்கையும். உலகளந்த பெருமாளின் காற்சிலம்பிலிருந்து வந்த தண்ணீர் என்பதால் சிலம்பாறு. ஐப்பசியில் தைலக்காப்புக்கு, அதாவது தைலம் சாத்திக்கொள்ள, அழகரே இங்கே ஏறி வருகிறார். குரங்குகளிடம் மட்டும் உஷார். போன முறை அம்மா கையிலிருந்த தோசைப் பொட்டலத்தை ஒன்று நிதானமாக வாங்கிக்கொண்டு போனது. நெய்யில் சுட்ட கெட்டித் தோசை, வரிசையில் நின்று வாங்கியது! அம்மாவுக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

வழிகளை ஒப்பிடுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வரும் கோவலனிடம் ஒரு மறையவன் மூன்று வழி சொல்கிறான். இடப்பக்க வழி இந்தத் திருமால்குன்றம் வழியாகத்தான் வருகிறது. கோவலனும் கண்ணகியும் அதை விட்டுவிட்டு நடுவழியில் வந்தார்கள் என்பது வேறு கதை.

சதுரகிரியில் வழிதான் கோயில். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி மூன்று நான்கு மணி நேரம் ஏற வேண்டும். முடியாதவர்களுக்கு டோலி உண்டு. பேச்சு தானாக நின்றுவிடும், மூச்சுக்குத்தான் நேரம். மேலே சுந்தர மகாலிங்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதைப் பார்த்ததும், ஏறி வந்த வியர்வையோடு, எனக்கு ஏனோ சிரிப்புதான் வந்தது. 'நீயும் களைத்துப்போய்ச் சாய்ந்திருக்கியா' என்று. சித்தப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு அது சித்தர்கள் உலாவும் மலை, அங்கே விளையாட்டுப் பேச்சு ஆகாது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆளைத் தீர்க்கும். நான் புதுச் செருப்போடு போய், மறுநாள் மாடிப்படியைக் கைப்பிடித்து இறங்கினேன். மழை நாளில் நினைத்தே பார்க்க வேண்டாம். 2015-இல் ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்திருக்கிறார்கள். 2021 முதல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வேறு. மழைக்கு வனத்துறை பாதையை மூடினால் கேட்டில் நின்று சண்டை போடாதீர்கள். கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆக, குழந்தை, பாட்டி, மொட்டை, காதுகுத்து என்று கூட்டமாக வருகிறவர்களை அழகர்மலைக்கே அனுப்புகிறேன். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ, நடக்கப் பழகிய காலோடு வருகிறவர்களுக்குச் சதுரகிரி. ஆனால் ஆடி அமாவாசையில் வேண்டாம். அன்றைக்கு முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்க்கலாம். சித்தப்பா அந்த நாளில்தான் போவார்.