ஷெட்டுக்கு லைன் இழுத்து முடித்ததும் ஆர்சிசிபி பட்டனை அழுத்திப் பாருங்கள்

கொடுங்கையூரில் ஒரு வீடு. பின்பக்க ஷெட்டில் கட்டிங் மெஷின், பெஞ்ச் கிரைண்டர், 2 எச்.பி. கம்ப்ரஸர். வீட்டு டிபியிலிருந்து (மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரிக்கும் பெட்டி) ஷெட்டுக்கு 25 மீட்டர். கொட்டேஷனில் இருந்தது: 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஆர்மர்டு கேபிள், அதாவது இரும்புக் கவசம் போட்டது, தனி எர்த், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச். பணம் முழுசாகக் கைமாறிவிட்டது. கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகாமல் முனகுகிறது என்று பிரித்துப் பார்த்தபோதுதான் உள்ளே நடந்திருந்த வேலை தெரிந்தது.

இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றரை அடி மட்டும் ஆர்மர்டு, கிளாண்ட் எல்லாம் போட்டு நேர்த்தியாக. நடுவில் அரை அடி ஆழத்தில் பிவிசி பைப், அதற்குள் 2.5 ஸ்கொயர் சாதா ஒயர், டேப் சுற்றிய ஜாயின்ட். ஒரு மழைக்கே முட்டளவு தண்ணீர் நிற்கிற ஏரியா அது. பைப்பில் தண்ணீர் இறங்க, ஜாயின்ட்டில் லீக்கேஜ் ஆக, ஆர்சிசிபி விழ ஆரம்பித்திருக்கிறது. அது விழுவது சரியான வேலைதான். வேலை செய்த எலெக்ட்ரீஷியன் என்ன செய்தார்? ஷெட் லைனை ஆர்சிசிபியின் இன்கமிங் பக்கத்துக்கே மாற்றிவிட்டார். ஆர்சிசிபி டிபியில் அழகாக உட்கார்ந்திருக்கிறது, ஷெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டார்ட் இழுத்தடித்து 20 ஆம்ப் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்ததற்கு 32 ஆம்ப் போட்டாயிற்று. 2.5 ஸ்கொயருக்கு 32 என்றால் எம்சிபி விழுவதற்கு முன்னால் ஒயர் சூடேறி இன்சுலேஷன் இளகும்.

இதைவிட மோசம் எர்த். 'கெமிக்கல் எர்த்' (ராடைச் சுற்றி ரசாயனக் கலவை நிரப்புவது) என்று தனியாகப் பில் போட்டிருந்தார். சிமென்ட் மூடியைத் தூக்கினால் இரண்டடி ராடு, ஒயர்கூட மாட்டவில்லை. ஷெட் சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சின்னத் துண்டு ஒயரால் இணைத்திருந்தார். டெஸ்ட் லாம்ப் வைத்தால் எரியும், வீட்டுக்காரர் நம்பிவிடுவார். நியூட்ரல் எங்காவது அறுந்தால், ஸ்விட்ச் போட்ட ஒரு பல்பு வழியாகவே கம்ப்ரஸர் பாடி முழுக்க 230 வோல்ட் ஏறும். எம்சிபி அசையாது.

பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை. ஷெட்டில் பல்பைப் போட்டுவிட்டு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அதன் லீவர் கீழே விழுந்தும் பல்பு எரிந்தால் லைன் அதன் வழியாக வரவில்லை. ஷெட்டில் 2 கிலோவாட் ஹீட்டரை ஓட்டிக்கொண்டே டிபியிலும் ஷெட் சாக்கெட்டிலும் எலெக்ட்ரீஷியனை வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 25 மீட்டரில் 6 ஸ்கொயர் காப்பர் என்றால் வித்தியாசம் ஒன்றரை வோல்ட் அளவில் இருக்கும், 2.5 என்றால் மூன்றரை. முனையில் எந்த கேபிளைக் காட்டினாலும் இந்தக் கணக்கு பொய் சொல்லாது. ஒயர் முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிகிறதா பாருங்கள். காப்பர் பூசிய அலுமினியமும் காப்பர் விலைக்கு விற்கிறது. நியூட்ரல்-எர்த் ஜம்பரைப் பிடிக்க, டபுள் போல் மெயினை ஆஃப் செய்து, மெஷின் பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிட்டு ஷெட்டில் மீட்டர் வைக்க வேண்டும். கன்டினியூட்டி 'பீப்' அடிக்கக் கூடாது. இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் 1 மெகா ஓமுக்கு மேல் வர வேண்டும்.

சரியான வேலை இப்படி: முக்கால் மீட்டர் பள்ளம், மணல், மூன்று கோர் 6 ஸ்கொயர் காப்பர் ஆர்மர்டு ஒரே நீளமாக ஜாயின்ட் இல்லாமல், மேலே மறுபடி மணல், செங்கல். வீட்டுப் பக்கம் 32 ஆம்ப் சி கர்வ் எம்சிபி (மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சட்டென விழாத வகை), ஷெட்டில் தனி டிபி, அதில் 40 ஆம்ப் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, ஒயர்களை மாட்டும் நியூட்ரல் பாரும் எர்த் பாரும் தனித்தனி. எர்த்துக்கு 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. பைப் இரண்டரை மீட்டர். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றில் நட்டும் பட்டையும் சீக்கிரம் துரு ஏறும், வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

பள்ளத்தை மூடும் முன் கேபிளில் அச்சிட்ட எழுத்து தெரிகிற மாதிரி நீங்களே நின்று போட்டோ எடுங்கள், ஆளை எடுக்கச் சொல்லாதீர்கள். கடைசித் தவணையை மெகர், எர்த் ரீடிங் இரண்டும் எழுதி வாங்கிய பிறகே கொடுங்கள்.

'ஈபிக்குச் சொல்ல வேண்டாம் சார்' என்பதையும் நம்பாதீர்கள். ஷெட்டில் கூலிக்கு வேலை எடுத்தால் வீட்டுக் கட்டணம் செல்லாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள், எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குச் சேர்த்து.