வீட்டுக் கொல்லைக்கு டர்ஃப் கோர்ட்: எந்தப் புல் தேறுகிறது, எது தேறவில்லை

செயற்கைப் புல் போட்ட வாடகை டர்ஃப் மைதானங்களில் ஆடிப் பழகியவர்கள் வீட்டுக் கொல்லையிலும் அதே 50 மி.மீ. உயரக் கால்பந்துப் புல்லைத்தான் கேட்கிறார்கள். கான்ட்ராக்டர்களும் மறுப்பதில்லை. ஆனால் மாலையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட், நடுவே கொஞ்சம் கால்பந்து, வாரக்கடைசியில் ஷட்டில் என்று கலந்து ஆடும் வீட்டுக்கு அது பொருந்தாத சரக்கு. சந்தையில் கிடைக்கும் மூன்று வகைகளை, 60 அடி நீளம், 26 அடி அகலம் உள்ள கோர்ட்டை மனத்தில் வைத்துப் பார்க்கலாம்.

50 மி.மீ. புல்: கால்பந்துக்கு மட்டும் என்றால் நல்ல தேர்வு. வழுக்கி விழுந்தாலும் அடி குறைவு. ஆனால் அந்த மென்மையை மணலும் ரப்பர் துகளும் சேர்ந்துதான் தருகின்றன. சதுர மீட்டருக்கு 15 கிலோ சிலிக்கா மணல், 5 கிலோ ரப்பர் என்று வைத்தாலே இந்தக் கோர்ட்டுக்கு 2.2 டன் மணலும் 725 கிலோ ரப்பரும் வேண்டும். டென்னிஸ் பந்து அதில் விழுந்தால் எழும்பாது. ரப்பர் துகள் செருப்பில் ஒட்டி ஹாலுக்கு வரும், மழையில் மிதந்து சாக்கடைக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த மைக்ரோபிளாஸ்டிக் விதிப்படி, இத்தகைய துகள்களை 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே விற்க முடியாது. வீட்டுக்குள் அதைக் கொண்டுவர அவசியம் இல்லை.

25 முதல் 35 மி.மீ. லேண்ட்ஸ்கேப் புல்: கடையில் தடவிப் பார்த்தால் மனம் மயங்கும். அடியில் பழுப்பு நிறச் சுருள் இழை, மேலே இரண்டு மூன்று பச்சை. 'மல்டிபர்ப்பஸ்' என்று விற்பார்கள். பால்கனிக்குப் போடலாம். ஓடி ஆடும் இடத்தில், முக்கியமாகப் பந்து வீசுபவர் காலூன்றும் இடத்தில், சீக்கிரமே படுத்துவிடும். இது தேறவில்லை.

12 முதல் 15 மி.மீ. அடர்ந்த புல், மணல் மட்டும் நிரப்பியது: டென்னிஸ் கோர்ட்டுகளிலும், டென்னிஸ் போலவே சுவருக்குள் ஆடும் பேடல் கோர்ட்டுகளிலும் போடும் வகை. பந்து ஒழுங்காக எழும்பும், ரப்பர் வேண்டாம், பெருக்குவது சுலபம். விழுந்தால் முட்டி சிராய்க்கும். அது ஒன்றுதான் குறை. சின்னக் குழந்தைகள் இருந்தால் அடியில் 10 மி.மீ. ஃபோம் பேட் போடச் சொல்லுங்கள். கலப்பு ஆட்டத்துக்கு நம் ஓட்டு இதற்கே.

எந்த வகையானாலும் சாம்பிள் துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்புறப் பூச்சு லேடெக்ஸா, பாலியூரித்தேனா என்று கேளுங்கள். அடியில் ஈரம் தங்கும் மனைக்குப் பாலியூரித்தேன்தான் தாங்கும். ஒரு கொத்து இழையைக் கொறடால் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடக் கூடாது. துளைகளின் மேல் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றினால் தேங்காமல் இறங்க வேண்டும். 'ஃபிஃபா சர்டிஃபைடு' என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம்: ஆய்வகத்தில் புல்லைச் சோதித்த பிறகு, போட்டு முடித்த மைதானத்தையும் சோதித்து, அந்த மைதானத்துக்குத்தான் சான்று தருகிறார்கள். கொல்லைக்கு யாரும் தரப்போவதில்லை.

26 அடி அகலம் என்றதற்குக் காரணம் உண்டு. ரோல் 4 மீட்டர் அகலத்தில் வருகிறது. இரண்டு ரோல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் 8 மீட்டர். 26 அடி என்பது 7.92 மீட்டர், மிச்சம் ஓரம் சீவுவதற்குச் சரியாகப் போகும். நடுவில் ஒரே ஒரு இணைப்பு. இதையே 30 அடி ஆக்கினால் நீளவாக்கில் மூன்றாவது ரோல் வேண்டும், அதில் 2.86 மீட்டர் அகலம் கழிவு, அதற்கும் காசு உங்களுடையது. ரோலை அளந்துவிட்டுக் கோர்ட்டைக் குறியுங்கள்.

இனி அடித்தளம். புகார் வரும் கோர்ட்டுகளில் பெரும்பாலும் புல்லில் கோளாறு இருக்காது, மண்ணில் இருக்கும். முதலில் 9 அங்குலம் தோண்டி எடுக்க வேண்டும். கோரைப்புல் இருந்த இடமென்றால் கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள். விட்டால் ஜல்லிக்கு அடியில் விரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியையும் துளைத்து மேலே வரும். கரிசல் மண் என்றால் இன்னும் ஓரடி எடுத்துக் கிராவல் நிரப்பி இடிக்க வேண்டும். ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும் மண் அது. மேலே எதைப் போட்டாலும் அலை அலையாகத் தூக்கும்.

இடித்த மண்மேல் ஜியோடெக்ஸ்டைல், அதன்மேல் 40 மி.மீ. ஜல்லி 4 அங்குலம், 20 மி.மீ. ஜல்லி 3 அங்குலம், கடைசியாக 6 மி.மீ. சிப்ஸ் ஒன்றரை அங்குலம். ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகத் தண்ணீர் தெளித்துக் காம்பாக்டர் ஓட்டி இறுக்க வேண்டும். இறுகிக் குறைவதையும் சேர்த்து யூனிட் (100 கன அடி) கணக்கில் முறையே ஆறரை, ஐந்து, இரண்டரை. சிப்ஸுக்குப் பதில் வெறும் கிரஷர் டஸ்ட் கொட்டுவார்கள், மட்டம் சீக்கிரம் வரும் என்பதால். ஐப்பசி மழையில் அது சேறுபோல இறுகித் தண்ணீரை நிறுத்திவிடும். வாட்டம் நூற்றுக்கு ஒன்று, அகலவாக்கில்: 26 அடிக்கு 3 அங்குலம் இறக்கம், தாழ்ந்த ஓரத்தில் வடிகால். பத்தடி அலுமினியச் சட்டத்தை எங்கே வைத்தாலும் அடியில் 10 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. இந்தச் சோதனை முடியும்வரை புல்லை லாரியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.

விரிக்கும்போது இரண்டு ரோலிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மாறினால் வெயிலில் பார்க்க இரண்டு வேறு பச்சையாகத் தெரியும், திருத்த வழியில்லை. விரித்து ஓர் இரவு விட்டால் சுருக்கம் தானாக நீங்கும். ஓரத்தைச் சீவி, 30 செ.மீ. டேப்பில் இரு கலவைப் பாலியூரித்தேன் பசை தடவி, இழை பசையில் மாட்டாமல் மூட வேண்டும். ஈரம் பட்டால் இந்தப் பசை நுரைத்துப் பொங்கும். உச்சி வெயிலில் புல் விரிந்த நிலையில் ஒட்டிவிட்டாலோ, இரவில் அது சுருங்கும்போது இணைப்பு வாய் பிளக்கும். ஆகவே காய்ந்த நாளில் காலை வேலையாக ஒட்டச் சொல்லுங்கள். இணைப்பின் மேல் மணல் மூட்டை வைத்து ஒரு நாள் விடுங்கள்.

மணலில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். உருண்டை மணிகளாக உள்ள காய்ந்த சிலிக்கா மணல் வேண்டும். எம் சாண்ட் கூடாது: அதன் கூர்முனை இழையை அறுக்கும், தூள் துளைகளை அடைக்கும். ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நான்கு தடவையாகத் தூவி, பிரஷ்ஷால் இழையை நிமிர்த்த வேண்டும்.

வலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; பக்கத்து வீட்டு ஜன்னல் அருகில் இருந்தால் மேல்வலையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். வெயில் வேறு விஷயம். ஏப்ரல், மே மதியத்தில் இந்தப் புல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். தண்ணீர் தெளித்தால் சிறிது நேரம்தான் அடங்கும். காலை ஒன்பதுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் என்பதே ஆட்ட நேரம். எதிரே கண்ணாடி முகப்பு உள்ள வீடு இருந்தால், அதிலிருந்து தெறிக்கும் வெயில் இழையை உருக்கிவிடுவதும் உண்டு. தீபாவளிக்குச் சரவெடியைத் தெருவில் வைத்துக்கொள்ளுங்கள். பொறி பட்ட இடமெல்லாம் ஓட்டை. அதே ரோலில் இரண்டு சதுர மீட்டராவது வெட்டி எடுத்து வைத்தால் ஒட்டுப் போடலாம். வேறு ரோலில் நிறம் ஒத்து வராது.

கொட்டேஷனில் சதுர அடிக்கு ஒரே விலை எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து, அடித்தளம், புல், பசையும் டேப்பும், மணல், கழிவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். வாரண்டி பெரும்பாலும் வெயிலில் இழை வெளுப்பதற்கும் உதிர்வதற்கும் மட்டும்தான். இணைப்பு பிரிவதற்கும் தரை அமுங்குவதற்கும் ஓராண்டுப் பொறுப்பை எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை முதல் பெருமழை வரை நிறுத்தி வைக்கச் சம்மதிக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.