போட்டோவைக் கவிழ்த்து வைக்கும் ஞாயிறு அமர்வு: ஏழு மாத அனுபவம்

மயிலாப்பூரில் குளத்துக்கு அருகே ஒரு சந்து. அதில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடி, மேலே தகரக் கூரை. போட்டோவைப் பார்த்து வரைந்த படங்களைக் கொண்டுவந்து, கூடி உட்கார்ந்து கருத்துச் சொல்லும் அமர்வு அங்கே நடக்கிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மூன்று மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடியும். ஆளுக்கு 200 ரூபாய், நடுவில் டீயும் சுண்டலும் உண்டு. பெயர்ப் பலகை கிடையாது. போனவர் சொல்லி அடுத்தவர் வருவதுதான் வழக்கம். ஏழு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டு ஆல்பத்துப் போட்டோவை வைத்து வரைகிறவர்கள் இப்படி ஓர் இடம் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வரைந்த படத்தையும் அசல் போட்டோவையும் கொண்டுபோக வேண்டும். படம் ஈசல் ஸ்டாண்டில் ஏறும். போட்டோ மேசையில் கவிழ்ந்து கிடக்கும். முதல் பத்து நிமிஷம் வரைந்தவர் வாயே திறக்கக் கூடாது. மற்றவர்கள் படத்தில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் சொல்வார்கள். "அழகா இருக்கு" என்று யாராவது ஆரம்பித்தால், "எது அழகு, எந்த இடம்?" என்று சார், அதாவது அந்த ஓவிய ஆசிரியர், மடக்கிவிடுவார். அதற்குப் பிறகுதான் போட்டோவைத் திருப்புவார்கள்.

இந்த ஒரு விதிக்காகவே 200 ரூபாய் தகும். நம் வீட்டுப் போட்டோவை நாற்பது வருஷமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தாளில் வராததும் வந்த மாதிரியே தெரியும். அந்தக் கண் நமக்கு உதவாது. போட்டோவையே பார்க்காதவர் கண்தான் வேண்டும்.

நான் முதலில் கொண்டுபோனது அம்மாவின் படம். 1980 மாசியில், கும்பகோணம் மகாமகத்துக்குப் போனபோது அப்பா அவருடைய அக்ஃபா க்ளிக் III கேமராவில் எடுத்தது. 120 ஃபிலிம், ரோலுக்கு பன்னிரண்டே சதுரப் படங்கள், அதனால் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் எடுப்பார். குளத்துப் படிக்கட்டில் அம்மா, இடுப்பில் தம்பி. 300 ஜிஎஸ்எம் கனத்த காட்டன் தாளில், 11க்கு 15 அங்குலத்தில், மூன்று வாரம் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைந்திருந்தேன். கட்டம் போட்டு அளந்ததால் கண், மூக்கு எதுவும் இம்மி பிசகவில்லை.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர்தான் முதலில் பேசினார். "யார் மேலம்மா இவங்களுக்கு இவ்வளவு கோபம்?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அம்மா யாரிடமும் முகம் சுளித்துப் பேசி நான் பார்த்ததில்லை. விதி இருந்ததால் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்து இரண்டு பேர் அதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள்.

போட்டோவைத் திருப்பியதும் விஷயம் புரிந்தது. அந்தக் கேமராக்களுக்கு நல்ல வெயில் வேண்டும். எடுப்பவர் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பார், எதிரே நிற்பவர் முகத்தில் வெயில் நேராக அடிக்கும். அம்மா சுளித்திருந்தது வெயிலுக்கு. நான் சுளிப்பை வரைந்துவிட்டு வெயிலை விட்டுவிட்டேன். முகம் முழுக்க ஒரே பழுப்பு வாஷ் (தண்ணீரில் கரைத்த வண்ணப் பூச்சு), பின்னால் படிக்கட்டும் அதே அழுத்தத்தில்.

"புருவத்தைச் சரி பண்ணாதீங்க, வெளிச்சத்தைக் கொண்டாங்க" என்றார் சார். நெற்றியிலும் கன்னத்திலும் வெள்ளைத் தாளை அப்படியே விடச் சொன்னார். பின்சுவரை அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்து நன்றாக இருட்டாக்க வேண்டும். அம்மாவின் நிழல் படியில் மடிந்து விழுவதை ஓரம் கூர்மையாகப் போட வேண்டும். வாட்டர்கலரில் போன வெள்ளை திரும்பி வராது என்பதால் புதுத் தாளில் மறுபடி ஆரம்பித்தேன். அடுத்த மாதம் அதே ரயில்வேக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல வெயில்" என்றார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

புடவை நிறத்திலும் தப்பு. போட்டோவில் இருண்டு தெரிந்ததை அரக்கு என்று நானாக வைத்துக்கொண்டேன். இருட்டறையில் முப்பது வருஷம் வேலை செய்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் வருகிறார். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அரக்கும் கரும்பச்சையும் மயில்நீலமும் ஒரே சாம்பலாக விழலாம், ஊகிக்காமல் யாரையாவது கேளுங்கள் என்றார். சித்திக்கு போன் போட்டேன். "அரக்கா? அது பச்சைடி, மாம்பழக் கரை. தலைதீபாவளிக்கு எடுத்தது" என்றாள்.

ஸ்டுடியோக்காரர் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. அமர்வுக்கு வரும் ஒரு தம்பி, எண்பதுகளில் எடுக்கப்பட்ட தன் தாத்தாவின் கலர் போட்டோவைக் கொண்டுவந்தான். படம் முழுக்கச் செம்மை ஏறியிருந்தது. அதைப் பார்த்து முகத்தையும் செக்கச்செவேல் என்று வரைந்திருந்தான். அந்தக் காலத்து கலர் தாள்களில் ஆல்பத்துக்குள் மூடி வைத்திருந்தாலும் சயான் என்ற பச்சைநீலச் சாயம் முதலில் மங்கிவிடும், மிஞ்சுவது சிவப்பு. அதைத் தாத்தாவின் தோல் நிறமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தம்பி விடவில்லை, தனக்கு அந்தச் சிவப்புதான் தாத்தா என்றான். பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் இன்னொரு பக்கம். அப்படியானால் வேட்டியும் சுவரும் வானமும்கூடச் சிவக்கட்டும், முகம் மட்டும் சிவந்தால் காய்ச்சல்காரர் மாதிரி இருக்கிறது என்று சார் முடித்தார். எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. இந்த அமர்வின் நல்ல குணமே இதுதான். நீ வரைய நினைத்ததை மாற்றச் சொல்ல மாட்டார்கள், அது படத்துக்குள் வந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள்.

சார் அவ்வப்போது அச்சுப் படங்கள் காட்டுவார். ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1965ல் வரைந்த 'மாமா ரூடி'யை அப்படித்தான் பார்த்தேன். ராணுவ உடுப்பில் சிரித்துக்கொண்டு நிற்கும் தாய்மாமன், போரில் செத்துப்போனவர். குடும்பப் போட்டோவை வைத்து வரைந்து, ஈரம் காயும் முன்னால் பிரஷ்ஷால் இழுத்துக் கலங்கலாக்கியிருக்கிறார். போட்டோவை அப்படியே எடுத்து வைப்பதற்கும் ஓவியமாக்குவதற்கும் உள்ள தூரத்தை அன்று ஒரு மணி நேரம் பேசினோம்.

குறைகளும் உண்டு. இரண்டு மாடி ஏற வேண்டும், லிஃப்ட் இல்லை. படி செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு மேல் ட்யூப்லைட் போட்டுவிடுவார்கள், அந்த வெளிச்சத்தில் காவியும் மஞ்சளும் செத்துப்போகின்றன. என் பரிந்துரை, சீக்கிரம் போய் முதல் நான்கு பேருக்குள் பெயர் கொடுங்கள். பன்னிரண்டு பேர் வரும் நாளில் கடைசி இரண்டு பேருக்கு ஐந்தைந்து நிமிஷம்தான் கிடைக்கிறது. அது நியாயமில்லை, எட்டுப் பேரோடு நிறுத்தலாம் என்று சாரிடமே சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இன்னும் முடிவாகாத ஒன்று இருக்கிறது. போட்டோவின் கீழ் ஓரத்தில் அப்பாவின் நிழல் விழுந்திருக்கிறது, கேமராவைக் கண்ணுக்குத் தூக்கியதால் முழங்கை இரண்டும் விரிந்தபடி. நான் அதை வெட்டிவிட்டுத்தான் வரைந்திருந்தேன். அதைச் சேர்க்கச் சொன்னார் ஸ்டுடியோக்காரர். கனத்த கறுப்பு கீழே வந்தால் கண் அம்மாவிடம் போகாது என்றார் சார். இரண்டையும் வரைந்துகொண்டிருக்கிறேன், அடுத்த ஞாயிறு பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று. அசல் கேட்கிறார்களே என்று போட்டோவை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். பசைப் பக்க ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட பிரிண்ட் ஓரத்திலேயே கிழியும். ஆல்பத்தோடு தூக்கிப் போங்கள், மேசையில் இடம் இருக்கிறது.