பழைய வானுக்கு வயரிங்: முழுதாக மாற்றுவதா, உள்ளதைச் சீராக்குவதா?

இருபது வருடத்துக்கு மேல் ஓடிய குடும்ப வான் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சினைவிடப் பெரிய தலையிடி வயரிங்தான். எஞ்சின் புகைத்தால் எங்கே போவதென்று தெரியும். மழை பெய்த அன்று மட்டும் ஹோர்ன் அடிக்காத வானை எந்த கராஜிலே விடுவது? கொண்டுபோகும் நேரம் பார்த்து அது நன்றாக அடிக்கும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோது வரியும் சேர்ந்த விலையைப் பார்த்துவிட்டு, 'இருக்கிறதையே ஓட்டுவோம்' என்று முடிவெடுத்தவர்கள் ஏராளம். நாங்களும் அந்தக் கூட்டம்தான்.

எங்களுடையது டொயோட்டா டவுன்ஏஸ் நோவா, 3எஸ் பெட்ரோல் எஞ்சின். இருந்த வியாதிகள் இவை: பிரேக் மிதித்தால் சிக்னல் லைட்டும் சேர்ந்து மங்கலாக எரியும். பின்கதவைத் திறந்து மூடினால் சில நாளில் பின்லைட் பியூஸ் போகும். இரண்டு நாள் ஓடாமல் நின்றால் பற்றரி இறங்கிவிடும். விசாரித்த இடங்களில் மூன்று வழி சொன்னார்கள். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில், வேறு வானில் இருந்து கழற்றிய வயரிங் செட் ஒன்றை வாங்கி முழுதாக மாற்றுவது. புது வயர் வாங்கி முழு வானுக்கும் புதிதாகக் கட்டுவது. உள்ள வயரிங்கையே தேடித் தேடிச் சீராக்குவது. நாங்கள் எடுத்தது மூன்றாவது. ஆகவே கீழே வருவதில் பக்கச்சார்பு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

புதிதாகக் கட்டும் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லொறிக்கும் ஓட்டோவுக்கும் அது சரிவரும். எரிபொருள் இன்ஜெக்ஷன், ஏபிஎஸ், பின்பக்க ஏசி எல்லாம் உள்ள வானுக்கு அத்தனை வயரையும் கையால் இழுத்துக் கட்ட ஒத்துக்கொள்பவரை நம்புவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். அதோடு, கையிலிருக்கும் ஒன்றிரண்டு நிறத்திலேயே முழுவதையும் இழுத்துவிடுவார்கள். நிறம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கழற்றிய செட் வாங்குவதில் உண்மையான கவர்ச்சி இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் இருந்து வெட்டிக் கொண்டுவந்த பாதி வாகனங்களில் இருந்து எடுத்த செட்டுகள் சுருட்டிக் கட்டித் தொங்கும். சொக்கெட் எல்லாம் அசல். யாழ்ப்பாண வெயிலும் வெள்ளவத்தை உப்புக்காற்றும் படாத வயர். பொருத்தினால் பழைய ஒட்டு, முடிச்சு எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். ஒரு கிழமை வானை விட்டுவிட்டு, பிறகு நிம்மதியாக இருக்க விரும்புகிறவருக்கு இது இனிக்கும்.

ஆனால் பொருந்துமா என்பது பெரிய கேள்வி. நோவா 1996இல் வந்தது, 1998 இறுதியில் முன்பக்கம் மாறியது. பெட்ரோலா டீசலா, ஓட்டோ கியரா மனுவலா, ஏசி ஒன்றா இரண்டா என்பதைப் பொறுத்து செட் மாறும். வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். டாஷ்போட்டைக் கழற்றிய பிறகுதான் ஒரு சொக்கெட் மிச்சமாகத் தொங்கும், அல்லது ஒன்று போதாமல் போகும். அங்கே பாஸ் (வேலை செய்யும் மெக்கானிக்) என்ன செய்வார்? வெட்டி ஒட்டுவார். ஒட்டில்லாத வயரிங் வேண்டுமென்று வாங்கிய செட்டில் முதல் நாளே ஒட்டு. இன்னொன்று, அந்தச் செட்டுக்கும் உங்கள் வானின் வயதுதான். உப்புக்காற்று படாமல் இருந்திருக்கலாம். எஞ்சின் சூடு பட்டிருக்கும். இந்த வானில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. எங்களுடையதில் சீற்றைத் தூக்கி மூடியை எடுத்தபோது, வயரைச் சுற்றியிருந்த நெளிகுழாய் கைபட்ட இடமெல்லாம் அப்பளம்போல் நொறுங்கியது. உள்ளே வயர் உறை விறைத்திருந்ததே தவிர வெடிக்கவில்லை. கழற்றிய செட்டிலும் அந்தப் பகுதி இதே நிலையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

செலவு பற்றி ஒரு வரி: செட்டின் விலையைக் கேட்டுவிட்டு மலிவு என்று நினைக்கக்கூடாது. டாஷ்போட், சீற், காபட், மேல்கூரைத் துணி வரை கழற்றிப் பூட்டும் கூலிதான் கணக்கைத் தூக்கும். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் உடைந்து, பிறகு ஓடும்போது கடகடவென்று சத்தம் வருவது தனிக்கதை.

சரி, நாங்கள் எடுத்த வழி. கொட்டாஞ்சேனைப் பக்கம் வயரிங் வேலை மட்டுமே செய்யும் ஒருவரிடம் விட்டோம். வானைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "அண்ணே, கொம்பனி வயர்ல பெருசா பிழை வராது. பிறகு கைவச்ச இடங்களத்தான் முதல்ல பாக்கணும்." அப்படியே ஆனது. பற்றரியை இறக்கியது எப்போதோ பூட்டிய பழைய அலாரம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பற்றரி லைனில் மல்டிமீற்றரைத் தொடராகப் போட்டால் 50 மில்லிஅம்பியருக்குள் நிற்க வேண்டும். எங்களுடையதில் அதைவிட எக்கச்சக்கமாக ஓடியது. ஒவ்வொரு பியூஸாகக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒன்றைக் கழற்றியதும் மீற்றர் படாரென்று இறங்கியது. அந்த லைனில் அலாரத்துக்கு ஒட்டுப்போட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப் சூட்டில் இளகிப் பசையாகி, வயர் வெறும் மேனியாகக் கிடந்தது.

பின்கதவு இன்னும் சுவாரசியம். கதவுக்கும் வானின் பொடிக்கும் (உடற்கூட்டுக்கும்) இடையில் வயர் போகும் இறப்பர் குழாயைப் பின்னுக்கு இழுத்தால், உறை நன்றாக இருக்கிற ஒரு வயர் விரலால் வளைக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் தொய்ந்து மடங்கும். உள்ளே செப்பு முறிந்திருக்கிறது. இத்தனை வருடம் கதவு திறந்து மூடியதில் வந்த முறிவு. பக்கத்து வயரில் உறையும் தேய்ந்து பொடியில் பட்டது. பியூஸ் போனதற்குக் காரணம் அது. அந்த இடத்தில் எவரோ 10 அம்பியர் சிவப்புப் பியூஸை எடுத்துவிட்டு 30இன் பச்சையைப் போட்டிருந்தால், பியூஸுக்குப் பதில் வயர் எரிந்திருக்கும். பழைய வான் வாங்கினால் முதல் வேலையாகப் பியூஸ் பெட்டி மூடியில் உள்ள எண்களையும் உள்ளே உள்ள நிறங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

பிரேக்கோடு சிக்னல் எரிந்ததற்கு எர்த் (கரண்ட் பற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) காரணம். கரண்ட் திரும்பிப் போக ஒழுங்கான வழி இல்லாவிட்டால் பக்கத்து பல்ப் வழியாகப் போகும். லைட்டைப் போட்டுவிட்டு, பற்றரியின் மைனஸுக்கும் பின்லைட்டின் எர்த் வயருக்கும் இடையில் அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எங்களுடையது 1 வோல்ட்டைத் தாண்டியது. எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றி, துருவை மண்தாளால் தேய்த்து, திரும்பப் பூட்டிக் கொஞ்சம் கிறீஸ் தடவியதோடு வேலை முடிந்தது. இதற்காகவா முழுச் செட்டையும் மாற்றச் சொன்னார்கள்!

இப்போது நிறத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை முழு முடிவும் இதில்தான் தங்கியிருக்கிறது. பழைய வானில் இன்றைய கோளாறைத் திருத்துவது பாதி வேலை. அடுத்த வருடம் இன்னொன்று வரும், நிச்சயம் வரும். அதை எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் உங்கள் உண்மையான பராமரிப்புச் செலவு, ஏனென்றால் வயரிங் வேலையில் திருத்தும் கூலியைவிடத் தேடும் கூலி அதிகம். டொயோட்டா வரைபடத்தில் ஒவ்வொரு வயருக்கும் நிற எழுத்து உண்டு. கறுப்புக்கு பி, அதனால் நீலத்துக்கு எல். வெள்ளையில் கறுப்புக் கோடு என்றால் எர்த். அந்த நிறங்கள் வானில் அப்படியே இருக்கும் வரை, தெஹிவளையில் விட்டாலும் கண்டியில் விட்டாலும் எந்த பாஸும் வரைபடத்தைப் பார்த்துத் தேடலாம். நிறம் மாறிய நாளில் இருந்து அந்த வானின் வரைபடம் அதைக் கட்டியவரின் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். அவர் கடையை மூடினால், வெளிநாடு போனால், நீங்கள் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

அதனால் சீராக்கும்போது நாங்கள் விதித்த ஒரே நிபந்தனை: வெட்டிய இடத்தில் அதே நிறம், அதே தடிப்பு வயர். புதுச் சுருள் வாங்கினால் எல்லா நிறமும் கிடைக்காது. கழற்றிய செட்டின் ஒரு துண்டை வாங்கி அதிலிருந்து எடுக்கலாம். எங்களுக்குப் பஞ்சிகாவத்தை உதவியது இந்த விதத்தில்தான். ஒட்டுகளுக்கு டேப் வேண்டாம் என்றும் சொன்னோம். கிரிம்ப் பண்ணி (உலோகத் துண்டால் நசுக்கிப் பிடித்து), மேலே சூட்டில் சுருங்கும் குழாய். ஈயம் வைப்பது பழைய பழக்கம், வீட்டு வேலைக்கு நல்லது. ஆனால் பின்கதவு போல ஆடும் இடத்தில் ஈயம் வைத்தால் அதன் விளிம்பில் வயர் விறைத்துத் திரும்பவும் முறியும். எடுத்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி வாங்கி, புத்தகப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். விற்கும்போது வாங்குபவர் அதைப் பார்த்து விலை கூட்டித் தருவாரா என்று சொல்ல முடியாது. டாஷ்போட்டுக்கு அடியில் ரோர்ச் அடித்துப் பார்ப்பவர் குறைக்காமல் இருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

எல்லாருக்கும் இதுதான் வழி என்று சொல்ல மாட்டேன். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் முங்கிய வாகனங்கள் போல, டாஷ்போட் வரை தண்ணீர் ஏறிய வான் என்றால் கதை வேறு. தண்ணீர் வயரின் உறைக்குள்ளேயே இழை வழியாக ஊறிப் போகும். செப்பு உள்ளுக்குள் பச்சை பூத்து, ஒரு இடத்தைத் திருத்த மறு இடம் போகும். எலி கடித்து நாசமாக்கிய வயரிங்குக்கும் தீப்பிடித்ததற்கும் அப்படித்தான். அங்கே செட்டை மாற்றுவதே மலிவு. ஆனால் வாங்குமுன் உங்கள் வானின் சேஸி எண்ணையும் மொடல் எழுத்துகளையும் கடைக்காரரிடம் கொடுத்து, சொக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து ஒப்பிட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். இலத்திரனியல் பம்ப் உள்ள டீசல் வான்களில் எங்கள் அனுபவம் குறைவு. அந்த எஞ்சின் பக்க வயரிங்குக்கு இவ்வளவு தைரியமாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கள் வான் இப்போது மழையிலும் ஹோர்ன் அடிக்கிறது. பின் வைப்பர் மட்டும் இன்னும் அசையவில்லை. வயரில் 12 வோல்ட் ஒழுங்காக வருகிறது, மோட்டர்தான் இறுகிவிட்டது. அதற்கும் பஞ்சிகாவத்தைக்கே போக வேண்டும்.