புண்ணில் ஒட்டாத கட்டு எது? கோஸ், வெள்ளிக் கிரீம், நார் ஜெல்

போன மாரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்படியில் சுடுதண்ணீர்ச் சட்டி சரிந்து பெரியம்மாவுக்கு முன்கை வெந்துவிட்டது. மருந்து கட்டப் பத்து நாள் டிஸ்பென்சரிக்கு நடந்தார். பழைய கோஸை (புண்ணில் கட்டும் சல்லாத் துணியை) உரிக்கும்போதெல்லாம் புதிதாக மூடிய தோலும் அதோடு சேர்ந்து வந்தது. நடந்த நாளெல்லாம் அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் கூலிதான். அதனால் எந்தக் கட்டைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அதை எத்தனை தடவை பிரிக்க வேண்டும்?

வெறும் கோஸ் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் காய்ந்ததும் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஈரமாக மூடி வைத்த புண்ணில் தோல் வேகமாக வளரும் என்று ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் 1962இலேயே பன்றிகளில் காட்டிவிட்டார்.

வெள்ளிக் கிரீம், அதாவது சில்வர் சல்ஃபாடயசின் 1% கிரீம், 1960களிலிருந்து தீப்புண்ணுக்குப் பழகிய மருந்து. கிருமியை அடக்கும். தொல்லை என்னவென்றால், அதைத் தினமும் கழுவித் திரும்பப் பூச வேண்டும். வெள்ளையாக ஒரு படலம் படிந்து புண்ணின் ஆழத்தையும் மறைத்துவிடும். சல்ஃபா வகை மருந்து ஒவ்வாதவர்களுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் இது ஆகாது.

அடுத்தது, ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துவரும் நார் ஜெல். மரக்கூழையோ வாழைநாரையோ பிரித்துப் பிரித்துச் சில பத்து நானோமீட்டர் தடிப்புக்குக் கொண்டுவந்தால், அந்த செலுலோஸ் இழைகள் தம்மைவிடப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஜெல்லாக நிற்கும். இழைகளுக்கிடையே வெள்ளி நானோதுகள்களை வைக்கிறார்கள். அவற்றிலிருந்து வெள்ளி அயனி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, பாக்டீரியாவின் சவ்வையும் புரதங்களையும் கெடுக்கும். ஜெல் குளிர்ச்சியானது, ஒட்டாது. வெள்ளி உப்பைத் துகளாக்கத் தேயிலைச் சாற்றின் துவர்ப்புப் பொருளான பாலிபீனாலே போதும் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் மலையில் கொழுந்துக்கா பஞ்சம்?

ஆனாலும் வெள்ளியை நான் அளவோடுதான் நம்புகிறேன். அளவு மிஞ்சினால் தோலை வளர்க்கும் செல்களையும் அது தாக்கும். பின்லாந்தில் பேர்ச் மரக்கூழிலிருந்து செய்த நானோ செலுலோஸ் கட்டுக்குள் வெள்ளியே கிடையாது. வேறு புண்ணில் ஒட்டுவதற்காக உடம்பில் தோல் எடுத்த இடத்தில் அதை வைத்தால், கீழே தோல் மூட மூடத் தானாகக் கழன்றுவிடும். ஆக, சுத்தமான மேலோட்டப் புண்ணுக்கு நாரே போதும். கிருமி ஏறிய புண்ணுக்கு வெள்ளி கலந்தது நல்லது. நீர் அதிகம் வடியும் புண்ணுக்கு இப்படித் தண்ணீர் பிடித்த ஜெல் (ஹைட்ரோஜெல்) சரிவராது, சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துவிடும்.

சரி, இன்றைக்கு நம் மருந்துக்கடைக்கு வெள்ளி நார் ஜெல் வந்து சேரவில்லையே, என்ன செய்வது? இன்னொரு தடவை பெரியம்மாவுக்கு இப்படி ஆனால் 20 நிமிடம் பீலியிலிருந்து (குழாய்வழி) விழும் குளிர்ந்த தண்ணீரில் கையைப் பிடிக்கவைப்பேன். அப்புறம் டிஸ்பென்சரியில், வெறும் கோஸுக்கு அடியில் பரஃபின் தடவிய வலைத்துணி ஒன்று வைத்துக் கட்டுங்கள் என்று கூடவே நின்று கேட்பேன்.