நூல் நிழலில் மணி பார்த்த ஆறு வருடங்கள்

நியூரம்பெர்க்குக்கு யார் வந்தாலும் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், முதலில் தந்தச் சூரிய கடிகாரங்களைத்தான் காட்டுவேன். உள்ளங்கையில் அடங்கும் சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். இரண்டு தந்தப் பலகைகள், நடுவில் பித்தளைக் கீல். மேல் பலகையைச் செங்குத்தாக நிமிர்த்தினால் இரண்டுக்கும் குறுக்கே ஒரு நூல் விறைத்து நிற்கும். அந்த நூலின் நிழல்தான் மணிமுள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இதற்குப் பேர்போன ஊர் இதுதான்.

அசல் ஒன்றை வாங்க எனக்கு மனம் வரவில்லை. என்ன இருந்தாலும் யானைத் தந்தம். அதனால் வெளிர் மரத்தில் அதே அளவில் செய்த நகல் ஒன்றை வாங்கினேன். ஆறு வருடமாக ஜன்னல் திண்டில் இருக்கிறது, பயணத்திலும் கூட வரும்.

முதல் வருடம் பாடாய்ப் படுத்தியது. உண்மையான சூரிய நேரத்தைவிட வெயில் காலத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வேகம், குளிர்காலத்தில் இருபதைத் தாண்டியது. காரணம் பிடிபட மாதங்கள் ஆயின. திசைகாட்டிக் குழியில் காந்த முள்ளுக்கென்று ஒரு கோடு இருக்கும். முள் அதன்மேல் நின்றால் கடிகாரம் வடக்கு பார்க்கும். காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல என்று அந்தக் காலக் கைவினைஞர்களுக்கே தெரியும். இங்கே செபால்டுஸ் தேவாலயத்தில் இருந்த கியோர்க் ஹார்ட்மன், தானே தந்தக் கடிகாரங்கள் செய்தவர், 1544இல் எழுதிய கடிதத்தில் நியூரம்பெர்க்கில் முள் 10 பாகை கிழக்கே சாய்வதாகச் சொல்கிறார். இன்றைக்கு அது 4 பாகை சொச்சம். என் நகலைச் செய்தவர்கள் பழைய கோட்டை அப்படியே போட்டுவிட்டார்கள். பென்சிலால் புதுக் கோடு இழுத்தேன், சரியாகிவிட்டது.

இன்னொன்று நூல். ஈரக்காற்றில் தொய்ந்துவிடும், தொய்ந்தால் நிழல் வளையும். வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். மேல் பலகையில் அட்சரேகைக்கு ஒன்றாகப் பல துளைகள் இருக்கின்றன. ஊர் மாறினால் துளையும் மாற வேண்டும்; ரோம் போனபோது அதை மறந்து ஒரு நாள் முழுக்கத் தப்பாகவே பார்த்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கீழே குட்டி ஊசி நிற்கும் கிண்ணம். ஊசி நுனியின் நிழல் இத்தாலிய மணியைக் காட்டும். அந்தக் கணக்கில் நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. நிழல் 21இல் நின்றால் அஸ்தமனத்துக்கு இன்னும் 3 மணி நேரம். மாலை நடைக்குக் கிளம்ப இதைவிட வசதியான கடிகாரம் எனக்குத் தெரியாது.

தினமும் புழங்கிய பிறகு அருங்காட்சியகம் போனால் கண் வேறு இடங்களில் நிற்கிறது. முன்பு பூவேலைதான் தெரிந்தது. இப்போது கோடுகளைப் பார்க்கிறேன். தந்தத்தில் மயிரிழை போல் கீறி, கறுப்பும் சிவப்பும் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு மணி வகைக்கும் இன்னொன்றுக்கும் குழப்பம் வராதபடி நிறம் பிரித்திருக்கிறார்கள். ஒரு கோடு இம்மி பிசகினாலும் நேரம் கெட்டுவிடும், கீறியபின் அழிக்க வழியில்லை. பட்டறைக்கு ஒரு முத்திரை: டூகருக்குப் பாம்பு, ரைன்மனுக்குக் கிரீடம், ட்ரோஷெலுக்குப் பூங்குருவி. ஜெர்மனில் அந்தக் குருவியின் பெயர் ட்ரோஸெல். பெயர் எழுதியிருக்கும் துண்டுகளிலும் நான் முதலில் தேடுவது அந்தக் குருவியைத்தான்.

சரி, சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகுமா? பெரும்பாலும் போகாது. ஜெர்மனியின் பொது நேரம் 15 பாகை தீர்க்கரேகையின் நேரம். நாங்கள் 11இல் இருக்கிறோம், அதனாலேயே 16 நிமிடம் பின்தங்கும். அதன் மேல் சூரியனின் சொந்த ஏற்ற இறக்கம்: வருடத்தில் சில நாள் முந்தும், சில நாள் பிந்தும். பிப்ரவரி நடுவில் நிழல் 12ஐத் தொடும்போது சுவரில் 12.30. நவம்பர் தொடக்கத்தில் மட்டும் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆனால் அப்போது இங்கே பனிமூட்டம், ஐந்து வருடம் வெயிலே கிடைக்கவில்லை. போன நவம்பர் 3 அன்று மூட்டம் விலகியது. கடிகாரத்தைத் திண்டில் திறந்து வைத்து, முள் நிதானிக்கும் வரை கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். நூலின் நிழல் 12ஆம் கோட்டின் மேல் படிந்தது, தெருக்கோடித் தேவாலயத்தில் மணி அடித்தது.