காய்ச்சலோடு வளாக மருத்துவ நிலையத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

புதுமுக மாணவர்கள் விடுதிக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். ஹட்டன், பூண்டுலோயா, மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வரும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும், அவர்களை அனுப்பிவிட்டுத் தோட்டத்தில் தூக்கமில்லாமல் இருக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மலையகத்தில் இருக்கும் ஓர் அரச உயர்கல்வி நிறுவனம். நான் இன்னும் அங்கேதான் படிக்கிறேன். பட்டமும் அங்கிருந்துதான் வர வேண்டும். காரணம் புரியும்.

இரண்டாம் வருடப் பரீட்சை நெருங்கிய நேரத்தில் எனக்குக் காய்ச்சல் பிடித்தது. சாதாரணக் காய்ச்சல் அல்ல. இடுப்பை அசைக்க முடியவில்லை, கண்ணைத் திருப்பினால் உள்ளே வலித்தது. பெனடோல் (பரசிட்டமோல்) குடித்தால் சற்று இறங்கும், மறுபடி ஏறும். மூன்றாம் நாள் அறைத்தோழி கைத்தாங்கலாக மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப்போனாள். எட்டு மணிக்குத் திறக்கும் என்று கதவில் எழுதியிருக்கிறது. திறக்கத்தான் செய்கிறது, வைத்தியர் வருவது பத்து மணிக்குப் பிறகு. அதுவரை சுவரோரம் வாங்கில் சாய்ந்துகிடக்க வேண்டும். பிறகு தோட்டத்தில் காலை வேலைக்குப் பிரட்டில் பேர் கூப்பிடுவதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உட்காருவதற்குள் அனுப்பிவிடுகிறார்கள்.

வைத்தியர் என் நாடியைத் தொடவில்லை, இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. கேட்ட ஒரே கேள்வி, "பரீட்சை எப்போது?" என்பதுதான். சொன்னேன். பக்கத்தில் நின்ற ஊழியரைப் பார்த்துச் சிரித்தார். என் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. உடம்பின் உள்வலியைச் சொல்லப் போதாது. தமிழ் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது என்று பாடத்தில் படித்துப் புள்ளி வாங்கியிருக்கிறோம். அந்த அறைக்குள் அது இன்னும் வந்து சேரவில்லை. இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று தோழிதான் கேட்டாள். "இந்தக் குளிருக்கு டெங்கு நுளம்பு எங்கே இருக்கிறது?" என்றார் மருந்து கொடுப்பவர்.

2017இல் இந்த நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். கண்டி மாவட்டத்தில் ஆண்டுதோறும் டெங்கு பரவுகிறது. இங்கே படிப்பவர்களோ வாரக்கடைசியில் கம்பளைக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் போய்வருகிறவர்கள். நுளம்பு கடித்த இடம் ஒன்று, காய்ச்சலில் படுக்கும் இடம் இன்னொன்றாக இருக்கலாம். மருந்து கொடுக்கும் மனிதருக்கு இது தெரியாமல் இருக்குமா?

இரண்டு சிறிய காகித உறைகள் கொடுத்தார்கள். ஒன்றில் பெனடோல். மற்றதில் சிறிய மஞ்சள் மாத்திரைகள். உறையின்மேல் காலை, பகல், இரவு என்று சிங்களத்தில் அச்சிட்ட கட்டங்கள். காலைக்கும் இரவுக்கும் நீலப் பேனையால் ஒவ்வொரு சுழி. அவ்வளவுதான். மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, திகதி இல்லை, என் பெயரும் இல்லை. "இது என்ன மாத்திரை மிஸ்?" என்று கேட்டதற்கு, "உடம்பு வலிக்கு" என்ற பதில் மட்டும் கிடைத்தது. மருந்துச் சிட்டை கேட்டால் உள்ளே கோப்பில் இருக்கிறது என்றார்கள்.

அன்று மாலை வாந்தி தொடங்கியது. தோழி விடவில்லை, ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். வழியில் ஒரு பார்மசியில் நிறுத்தி உறையைக் காட்டினோம். வயதான மருந்தாளர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "டைக்ளோபினாக் மாதிரி இருக்கிறது மகள். இரத்தம் பார்க்காமல் காய்ச்சலுக்கு இதைக் குடிக்கக் கூடாது. இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார். இதைத்தான் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டெங்கு என்று சந்தேகம் இருக்கும்போது டைக்ளோபினாக், இபுபுரொபன், அஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. பரசிட்டமோல் மட்டும்தான் பாதுகாப்பு. வளர்ந்தவர் என்றால் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அதற்குமேல் கூடாது.

அரச வைத்தியசாலையில் முழு இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். குருதிச் சிறுதட்டுகள் 150,000க்கு மேல் இருக்க வேண்டும்; எனக்கு ஒரு இலட்சத்துக்கும் கீழே. உடனே நோயாளர் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து அளந்து எழுதினார்கள். அடுத்த நாள் காய்ச்சல் விட்டது. அம்மா தொலைபேசியில் அழுதுகொண்டே கோயிலுக்கு நேர்த்தி சொன்னார். நானும் எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் நோயாளர் விடுதி வைத்தியர் என்னைப் படுக்கவைத்து, தமிழ் தெரிந்த தாதி ஒருவரை அழைத்துச் சொல்லவைத்தார்: டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்துக் காலம் தொடங்குகிறது, வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் முரசில் இரத்தம், சோர்ந்து மயங்குதல், சிறுநீர் குறைதல், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே கூப்பிட வேண்டும். நோயாளியைத் தொட்டுப் பார்த்து, அவளுக்குப் புரியும் மொழியில் பேசி, ஒரு சதமும் வாங்காமல் பார்த்தார்கள். வளாக நிலையத்தைக் குறைசொல்லும்போது, "அரச சேவை என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உயிர் தப்பியது. அடுத்த அலைச்சல் பரீட்சைக்காக. சில வினாத்தாள்கள் எழுத முடியவில்லை. மருத்துவச் சான்றிதழ் ஏற்கப்பட்டால் அடுத்த அணியோடு எழுதி முதல் தடவையாகவே கணக்கில் கொள்ளலாம். ஏற்கப்படாவிட்டால் அது மீள்பரீட்சை. எங்கள் இடத்தில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி' தரத்துக்கு மேல் ஏறாது, பட்டத்தில் முதலாம், இரண்டாம் வகுப்புச் சித்தியை மறந்துவிட வேண்டியதுதான். அந்தச் சான்றிதழை வளாக வைத்தியர் உறுதிப்படுத்த வேண்டும் என்பது விதி. வைத்தியசாலை கொடுத்த நோய் விபர அட்டையை நீட்டினேன். "நோய் வந்ததும் முதலில் இங்கே ஏன் வரவில்லை?" என்று கேட்டார். வந்தேன் என்றேன். பதிவேட்டைப் புரட்டினார்கள். அன்றைய பக்கத்தில் வெறும் வரிசை இலக்கங்களும் எதிரே "காய்ச்சல்", "இருமல்" என்ற சொற்களும் இருந்தன. யாருடைய பெயரும் இல்லை. நான் போனதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்த உறை. அதிலும் ஒன்றும் இல்லை. மருந்தின் பெயரை மறைத்தது போதாதென்று நோயாளியையும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். மாணவர் ஆலோசகராக இருந்த விரிவுரையாளர் ஒருவர் நடுவே புகுந்து பீட அலுவலகத்தில் பேசியதால்தான் என் காரியம் முடிந்தது. அப்படி ஒருவர் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர்.

இரவுக் கதை வேறு. எங்கள் தளத்தில் ஆஸ்துமா உள்ள தங்கை ஒருத்திக்கு மூச்சு வாங்கியபோது நிலையம் பூட்டியிருந்தது. வாகனச் சாரதியைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. காலை வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூச்சை எப்படிப் பொறுத்துக்கொள்வது? 1990 என்ற இலக்கத்தை அழைத்தோம். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இப்போது நாடு முழுவதும் இருக்கிறது, கட்டணம் இல்லை. விடுதிப் பொறுப்பாளரின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. விடுதியின் பெயரையும் அருகில் உள்ள அடையாளத்தையும் தெளிவாகச் சொன்னால் போதும்.

ஆகவே காய்ச்சல் என்றால் சான்றிதழுக்காக வளாக நிலையத்தில் முகத்தைக் காட்டுங்கள். பெயரையும் பதிவிலக்கத்தையும் பதிவேட்டில் எழுதவைத்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். மறுத்தால் மறுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர் தெரியாமல் ஒரு மாத்திரையும் விழுங்காதீர்கள். சிகிச்சைக்கு அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்விடுங்கள். மூன்றாம் நாளுக்குள் முழு இரத்தப் பரிசோதனை எடுத்தாக வேண்டும். நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது.

முறைப்பாடு கொடுத்தேன். "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதன்பிறகு, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வைத்தியரின் கடமை நேர அட்டையையும் நோயாளர் பதிவேடு பேணும் முறையையும் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதே நிலையத்தில் இதே அனுபவம் பட்டவர்கள் நாளையும் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த முறைப்பாட்டைக் கூட்டாகக் கொடுக்கலாம். பரீட்சை முடியும்வரை பெயரை வெளியிட விரும்பாதவர்களும் எழுதலாம்.